வேதகிரியின் ஈரக் கை

கூலி வேலை இல்லாத நாள்களில் வேதகிரி திருப்புலிவனம் ஏரியில் தூண்டில் போடுவார். குஞ்சுகளோடு திரியும் தாய் விரால் மாட்டினால் விட்டுவிடுவார். எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் அப்படி விட்ட ஒன்று மூன்றாம் நாள் செத்து மிதந்தது. வழுக்காமல் பிடிக்க ஊரில் எல்லோரும் செய்வதுபோல் கையில் மணலைத் தேய்த்துக்கொண்டுதான் அவரும் பிடித்திருந்தார். மீனின் வழவழப்பு உரிந்த இடமெல்லாம் வெள்ளையாகப் புண். காவல் இழந்த குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் தின்று தீர்த்தன.

அடுத்த வருஷம் மறுபடி ஒரு தாய் மாட்டியது. பின்னாலேயே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் தவித்தது. வேதகிரி இடுப்பளவு நீரில் இறங்கி, நனைந்த கையால் வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றினார். போராடிய களைப்பில் மீன் ஒருக்களித்துச் சாய்ந்தது.

"இன்னாய்யா, கொயந்தையக் குளிப்பாட்டறாப்பல கீதே. நான் கொயம்புக்குப் புளி கரைச்சு வச்சிட்டேன்," என்றார் கரையில் நின்ற மனைவி சிட்டம்மாள்.

"இரு மே. உட்டுட்டா போதுமா? அது பொயைக்க வாணாமா?"

"எனுக்கு ஜொரம் வந்தப்ப இப்டிப் புடிச்சிக்கினு நின்னியா?"

"நீ இன்னா நயுவி ஓடற ஆளா?"

சிட்டம்மாள் சிரித்துவிட்டார். மீனை நிமிர்த்திப் பிடித்தபடியே வேதகிரி நின்றார். வெகுநேரம் கழித்து அதன் வால் அவர் மணிக்கட்டில் அடித்தது. கையைத் திறந்தார்.

அதன்பின் தினமும் வேலைக்குப் போகும் வழியில் கரையில் நின்று பார்த்தார். நான்காம் நாள் காலை, சிவப்புக் குஞ்சுகளின் நடுவே தாய் மூச்செடுக்க ஒருமுறை மேலே வந்து போனது.