சைமன் சொன்னால் யார் கேட்பார்கள்?

பழங்காநத்தத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்தான் நஜ்முன்னிசா டீச்சரின் ஆங்கில வகுப்பு. வகுப்பு என்று போர்டில் எழுதியிருக்கிறார்களே தவிர, கீழே உட்கார்ந்து கேட்டால் யாரோ கிடாயை விரட்டிப் பிடிப்பது போலத்தான் இருக்கும். தொம் தொம் என்று குதிப்பார்கள். "நோஸ்! நோஸ்!" என்று கத்துவார்கள். ஒருநாள் கூரையிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை ஒரு வாடிக்கையாளரின் ஆதார் கார்டு மேல் விழுந்தது. அவர் என்னவோ நான்தான் போட்டது மாதிரி முறைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மேலே ஏறினேன்.

சண்டை போடப் போனவன் வகுப்பில் சேர்ந்துவிட்டு இறங்கினேன். எப்படி நடந்தது என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. "வாங்கண்ணே, ஒரு ஆள் குறையுது, இந்தப் பக்கம் நில்லுங்க" என்றார் டீச்சர். நின்றுவிட்டேன். அந்தம்மா சொன்னால் அப்படித்தான்.

டீச்சர் நெல்பேட்டைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். "பயந்தா நாக்கு எழும்பாதுண்ணே, சிரிச்சாத்தான் எழும்பும்" என்பதுதான் அவர் படித்த படிப்பின் சாரம். அதனாலேயே இரண்டு பள்ளிக்கூடங்களில் வேலை போனது. வகுப்பில் சத்தம் என்று புகாராம். சத்தமே வராமல் ஒரு பாஷையை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. "இதுவும் போச்சுன்னா எங்க அண்ணன் செருப்புக் கடை கல்லாவுலதான் உக்காரணும்" என்று சிரித்தபடியே சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போர்டைத் துடைப்பார். போர்டில் ஒன்றுமே இருக்காது.

நாங்கள் எல்லாரும் குடும்பஸ்தர்கள். அவனியாபுரம் ஷேர் ஆட்டோ ஓட்டும் உக்கிரபாண்டி, விமான நிலையத்து சவாரிகளைப் பிடிக்க வேண்டும் என்று வந்தவர். பக்கத்துத் தெருவில் இட்லி மாவு விற்கும் தங்கப்பொண்ணு, மகளுக்காக வந்தவர். மகளின் பள்ளிக்கூட மீட்டிங்கில் மிஸ் ஏதோ இங்கிலீஷில் கேட்க, இவர் சிரித்துக்கொண்டே "எஸ் மிஸ், டெய்லி" என்று சொல்லியிருக்கிறார். 'உங்கள் மகள் வீட்டில் யாரையாவது அடிப்பாளா' என்பதுதான் கேள்வி என்று பிறகுதான் தெரிந்ததாம். அன்றிலிருந்து இங்கிலீஷ் என்றாலே வாயை இறுக்கிக்கொள்வார். வகுப்பிலும் கையைத்தான் தட்டுவாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

நான் சேர்ந்த புதிதில் டீச்சர் ஒரு விளையாட்டு கொண்டுவந்தார். 'சைமன் ஸேஸ்' என்று ஆரம்பித்து எதைச் சொன்னாலும் செய்ய வேண்டும். அந்தப் பெயரைச் சொல்லாமல் வெறுமனே சொன்னால் செய்யக்கூடாது. செய்தவர் அவுட்.

"சைமன் யாரு டீச்சர்?" என்றார் உக்கிரபாண்டி.

"யாரோ ஒருத்தருண்ணே. விளையாட்டுக்கு."

"யாருன்னே தெரியாத ஆளு சொல்லி நாம ஏன் மூக்கைத் தொடணும்?"

எப்படியோ சமாதானம் செய்து ஆரம்பித்தார். சைமன் சொல்லி மூக்கைத் தொட்டோம், காதைப் பிடித்தோம். பிறகு டீச்சர் திடீரென்று, "ஸ்டாண்ட் அப்!" என்றார். மொத்த வகுப்பும் எழுந்து நின்றது.

"எல்லாரும் அவுட்!" என்று கை தட்டினார்.

"அதெப்படி அவுட்டு?" உக்கிரபாண்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "டீச்சர் எந்திரிங்கன்னு சொல்லியும் உக்காந்திருந்தா அது என்ன மரியாதை? எங்களை எப்படி வளத்திருக்காகன்னு நெனைச்சீக?"

மறுபடி மறுபடி ஆடினோம். மறுபடி மறுபடி எல்லாரும் அவுட். சைமனால் எங்களை உட்கார வைக்க முடியவில்லை. சைமனை மாற்றிப் பார்க்கலாம் என்று டீச்சர் 'மாப்ள ஸேஸ்' என்றார். அது இன்னும் மோசம். "மாப்ள சொல்றதை எந்த மாப்ள டீச்சர் கேட்டிருக்கான்?" என்று ஒருவரும் அசையவில்லை. கடைசியில் 'அண்ணே ஸேஸ்' என்று வைத்தார். அண்ணே என்று சொல்லிக் கேட்டால் இந்த ஊரில் கிட்னியைக்கூடக் கொடுப்பார்கள். விளையாட்டு பிடித்துக்கொண்டது. அண்ணே சொல்லாவிட்டால் யார் சொன்னாலும் எழக்கூடாது என்பது மெல்ல மெல்ல உடம்பில் ஊறியது. காரையும் வழக்கம்போல் உதிர்ந்தது. இப்போது அது உதிர்வது என் கடைக்குள்தான் என்பதை நானே மறந்து குதித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் அசோக்குமார் வந்தார். கட்டடமும் அவருடையது, வகுப்பும் அவருடையது. காளவாசலில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். இங்கிலீஷ் நன்றாக ஓடும் என்று யாரோ சொல்லி இதை ஆரம்பித்தார். இப்போது ஜிம் இன்னும் நன்றாக ஓடும் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சனிக்கிழமை வந்து பாப்பேன். பெரிய ஆளுக எல்லாம் குதிச்சு வெளையாடிக்கிட்டுத்தான் இருக்காகன்னா வகுப்பை மூடிருவோம்மா" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இலக்கணம் நடத்துங்கள் என்று நான் கெஞ்சினேன். டீச்சர் கேட்கவில்லை. "பொய்யா ஒரு வகுப்பைக் காட்டி நிஜ வகுப்பைக் காப்பாத்த முடியாதுண்ணே" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நல்லவர்களோடு இதுதான் தொல்லை.

சனிக்கிழமை அண்ணே சொன்னபடி நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தலையில் தட்டி, மறு கையால் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது அசோக்குமார் வாசலில் நின்றார். இதைவிடப் பொருத்தமான நேரம் அவருக்கு வாய்த்திருக்காது.

"போதும்மா, பாத்துட்டேன்" என்றார். எங்கள் பக்கம் திரும்பினார். இங்கிலீஷ் வகுப்பாயிற்றே என்று இங்கிலீஷிலேயே சொன்னார்: "ஆல் ஸ்டாண்ட் அப். கோ ஹோம்."

ஒருவரும் எழவில்லை.

எதிர்ப்பெல்லாம் இல்லை. பழக்க தோஷம். எனக்கும் கால் எழ மறுத்தது. அவர் இன்னும் உரக்க "ஸ்டாண்ட் அப்!" என்றார். உக்கிரபாண்டி என் காதில், "எந்திரிச்சிராதண்ணே, அவுட்டாக்கப் பாக்குறாரு" என்றார்.

அசோக்குமாரின் முகம் சிவந்துவிட்டது. "வெளையாட்டு முடிஞ்சு போச்சுய்யா! நாளையிலருந்து இங்க ஜிம்மு!"

டீச்சர் கையில் டஸ்டரோடு சுவரோரம் நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எழுந்து ஏதாவது பேசலாம் என்று பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. எழுந்தவர் தங்கப்பொண்ணு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். மாவுக்கடையில் கடன் சொல்கிறவர்களிடம் பேசும் அதே குரலில், ஆனால் இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"சார். பிஃபோர், மிஸ் ஆஸ்க், ஐ எஸ். ஒன்லி எஸ். நவ், ஐ சே நோ. நெக்ஸ்ட் மீட்டிங், ஐ ஆஸ்க், மிஸ் ஆன்சர்." மூச்சு வாங்கினார். "யூ க்ளோஸ், ஐ அகெய்ன் எஸ்."

அசோக்குமார் தங்கப்பொண்ணுவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு டீச்சர் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"இந்தம்மா என்னம்மா சொல்லுது?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொல்ல மாட்டேண்ணே. உக்காந்து படிங்க, உங்களுக்கே புரியும்."