பன்னிரண்டாயிரம் ரூபாய் கிரைண்டர்

தான் பிழைக்க மாட்டோம் என்ற சந்தேகம் ஜம்புலிங்கத்துக்கு டாக்டர் சொல்லி வரவில்லை. ஒச்சம்மா கடனைக் கேட்காமல் விட்டதால் வந்தது.

டாக்டர் என்னவோ நல்லபடியாகத்தான் பேசினார். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு, சென்னைக்குப் போய் பைபாஸ் செய்துகொள்ளுங்கள், செலவைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்றார். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் போகவேண்டிய தீவில், டாலிகஞ்ச் என்ற ஊரில் முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவர் ஜம்புலிங்கம். "அடைப்புன்னா எடுத்துவிட வேண்டியதுதானே, நான் பாக்காத அடைப்பா?" என்று வீட்டுக்கு வந்து மனைவி வசந்தகுமாரியிடம் வீறாப்பாகச் சொன்னார்.

ஒச்சம்மா விஷயம் அப்படியல்ல. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தீவுக்கு வந்தவள், மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள். மூன்று வருடத்துக்கு முன் ஜம்புலிங்கத்துக்கு முதல் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது, கேட்ட உடனே ஒன்றரை லட்சம் எடுத்துக் கொடுத்தாள். வட்டி வாங்க மாட்டாள். அதற்குப் பதிலாக வசவு உண்டு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருவில் நின்றுகொண்டு, பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி கத்துவாள்.

"ஏய் ஜம்பு! இன்னிக்கு என்ன கெழமை?"

"சனிக்கெழமை, அக்கா!" என்று இவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொல்லிக்கொண்டே பணத்தோடு வெளியே வருவார். சர்க்கரை ஏறி, கால் வீங்கி, செருப்பு நுழையாத நாளிலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குழாய் திருகி அந்தச் சனிக்கிழமைப் பணத்தைச் சேர்த்திருக்கிறார். இப்போது மிச்சம் பன்னிரண்டாயிரம்தான். அதை நினைக்கும்போதெல்லாம் மனுஷருக்கு நெஞ்சு நிமிரும், அடைப்பையும் மீறி.

பைபாஸ் என்ற செய்தி வியாழக்கிழமை தெருவுக்குத் தெரிந்தது. சனிக்கிழமை ஏழாயிற்று, எட்டாயிற்று, சத்தமே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். ஜம்புலிங்கம் குளித்துவிட்டு ஜன்னலோரம் காத்துக்கொண்டிருந்தார்.

"கத்தலைன்னா நிம்மதின்னு இருங்களேன்" என்றாள் வசந்தகுமாரி.

"உனக்கு ஒண்ணும் புரியாதுடி. வராக்கடன்னு முடிவு பண்ணிட்டா!"

ஒரு பழைய மோட்டாரை விற்று, ஒரு கான்ட்ராக்டரிடம் வரவேண்டியதைக் கறந்து, பன்னிரண்டாயிரத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே மார்க்கெட்டுக்குப் போனார். ஒச்சம்மா பணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப வேணாம்ப்பா. மொதல்ல ஒடம்பப் பாரு" என்றாள், பஞ்சு மாதிரிக் குரலில். போதாக்குறைக்கு அரைக் கிலோ நெத்திலிக் கருவாட்டைச் சும்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், ரத்தக் கொதிப்புக்காரனுக்கு! 'ஏய் ஜம்பு' போய் 'ப்பா' வந்துவிட்டதே!

சரி, ஒச்சம்மா ஒருத்திதான் இப்படியென்றால் பரவாயில்லை. தீவில் ஒருவர் மெயின்லேண்ட் போகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே லிஸ்ட்டோடு வந்து நிற்கும். மிக்ஸி ஜாடி, முறுக்கு அச்சு, மூக்குக்கண்ணாடி, மாமியாருக்கு மூட்டுவலித் தைலம் என்று பெட்டி பிதுங்கத்தான் எவரும் திரும்பி வருவார். ஃபேன்சி ஸ்டோர் நௌஷாத் இருக்கிறானே, அவன் லிஸ்ட் மட்டும் ஒரு முழ நீளம் இருக்கும். இந்த முறை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ஜம்புலிங்கம் மானத்தை விட்டுவிட்டு அவரே நௌஷாத் கடைக்குப் போனார்.

"என்ன நௌஷாத், கிளிப்பு, வளையல் ஒண்ணும் வேணாமா? போன் கவர்?"

"ஒண்ணும் வேணாண்ணே. நீங்க நல்லபடியா போயிட்டு வந்தாப் போதும்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். கண் வேறு கலங்கியிருந்தது.

திரும்பி வரப்போகிறவனிடம்தானே சாமான் சொல்லுவார்கள்! ஜம்புலிங்கம் அன்று சோறு இறங்காமல் எழுந்துவிட்டார். கடைசியில் மனைவியைப் பிடித்துக்கொண்டார். "உனக்காச்சும் ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லேன்!"

"நான்தான் கூடவே வர்றேனே, மறந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

பிளைட் டிக்கெட் விலையைக் கேட்டபோதே நெஞ்சு வலித்ததால் கப்பலில்தான் பதிவு. புறப்படும் நாளில் ஹாடோ ஜெட்டிக்குத் தெருவே வழியனுப்ப வந்திருந்தது. எல்லார் முகத்திலும் துக்க வீட்டுக் களை. நௌஷாத் மொபைலை எடுத்து, "கொஞ்சம் நிமிருங்கண்ணே, தோள் வரைக்கும் போதும்" என்று ஒரு போட்டோ எடுத்தான். எதற்கு இந்தப் போட்டோ, மாலை போடவா? பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல. ஐம்பத்தேழு வயதில் குழந்தை மாதிரி அழுதுவிடுவோமோ என்று பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெட்டி லேசாக இருந்தது.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கருவாட்டு வாசனை வந்தது. பின்னாலேயே ஒச்சம்மா.

"ஏய் ஜம்பு! எம் பன்னண்டாயிரத்த அமுக்கிக்கிட்டுக் கப்பல் ஏறப் பாக்குறியா?"

ஜெட்டியில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர்கூட, "க்யா ஹுவா?" என்றார்.

"சோர் ஹை, சாப்! சோர்!" என்று அவருக்குப் புரிய இந்தியிலேயே திருடன் பட்டம் கட்டினாள் ஒச்சம்மா.

"நான் குடுத்தேனே, நீதானக்கா வேணாம்னே?"

"பணமா எவ கேட்டா? கிரைண்டர் வேணும். மூணு லிட்டர், சாய்க்கிற மாதிரி, கல்லு கோயமுத்தூர்க் கல்லா இருக்கணும். இங்க வெலை சொல்லிக் கொல்லுறானுவ. அந்தப் பன்னண்டாயிரத்துக்கு வாங்கியா. பல்லு போன வாய், எனக்கு இட்லிதான். நீதான் கொண்டாந்து எறக்கணும். வேற எவன்கிட்டயாச்சும் குடுத்துவிட்டே, தெரியும் சேதி!"

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். ஜம்புலிங்கத்துக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. "பச்சை கலரா, செவப்பா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார். அவ்வளவுதான், நௌஷாத் பாக்கெட்டிலிருந்து ஒரு முழ லிஸ்ட்டை எடுத்தான். பாவி, எழுதியே வைத்திருந்திருக்கிறான்!

சென்னையில் ஆபரேஷனுக்கு முந்தின நாள், கேட்க ஏதாவது உண்டா என்றார் டாக்டர். "எத்தனை நாள் கழிச்சு கிரைண்டர் தூக்கலாம் சார்?" என்று கேட்டார் ஜம்புலிங்கம். மூன்று மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் தொடக்கூடாது என்று பதில் வந்தது. மறுநாள் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது சாமி பெயர் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. செத்தால் அந்தக் கருவாட்டுக்காரி தெருவில் நின்று என்னவெல்லாம் பேசுவாளோ என்றுதான் நினைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அதே ஜெட்டியில் இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். முன்னால் போர்ட்டர் தலையில் கிரைண்டர் பெட்டி, பின்னால் வசந்தகுமாரி நௌஷாத்தின் மூட்டைகளோடு. டாக்டர் பேச்சை மீறாமல், ஒச்சம்மா பேச்சையும் தட்டாமல், கிரைண்டரின் மூடியை மட்டும் ஜம்புலிங்கம் கையில் ஏந்தி வந்தார்.

ஒச்சம்மா கிரைண்டரைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானுக்கு மேலே தெரிந்த தையல் தழும்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பில்லு எங்க?" என்றாள். பதினோராயிரத்து நானூறு என்று போட்டிருந்தது.

"அப்ப அறுநூறு பாக்கி."

அந்த அறுநூறு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. கை அங்கே போகவும் செய்தது. மூன்று வருடம் ஒரு ரூபாய் பாக்கி வைக்கக்கூடாது என்று உயிரைக் கொடுத்துக் கட்டிய மனுஷர், கையை வெறுமனே வெளியே எடுத்தார்.

"அடுத்த வாரம் தர்றேன், அக்கா."

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்குச் சென்னை போய்விட்டு வருகிறார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்கிறது. அவர் உள்ளேயிருந்து கிழமையைச் சொல்கிறார், பணத்தை மட்டும் எடுப்பதில்லை.