ஊர் வரிசையில் ஒரு டிராக்டரைச் சேர்த்தவர்

செய்தி வந்தபோது நான் கொத்தமங்கலத்தில் ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பயிற்சிக்கு வந்திருந்த பெண்களுக்கு எஞ்சின் ஆயில் வடிக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பயிற்சியில் படித்து, இப்போது என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கும் பஞ்சவர்ணம் போனும் கையுமாகக் குனிந்தாள்.

"அண்ணே, வெளிய வாங்க."

"இருத்தா, இந்த நட்டை முறுக்கிட்டு வாரேன்."

"நட்டு கெடக்கட்டும்ணே. நம்ம அம்மா போயிட்டாக."

வெளியே வந்து கையைத் துடைத்தேன். வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பஞ்சவர்ணம்தான் கந்தல் துணியை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம் செல்வநாயகி அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. என்னைவிட எட்டு வயது சிறியவர். இது என்ன நியாயம் என்று இன்னமும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

செல்வநாயகி அம்மாவை அறிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். வயல்வேலைக்குக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு டிராக்டர் ஓட்டவும், களையெடுக்கும் இயந்திரத்தைக் கையாளவும், மோட்டார் பழுது பார்க்கவும் பழக்கும் திட்டத்தை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடத்தியவர். உங்களில் பலருக்கு அவர் மேடம். எனக்கு அவரோடு சண்டை போட்டுத்தான் பழக்கம். ஆகவே அழுது வடிந்து எழுத எனக்கு வராது.

காரைக்குடியில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு அவர் ஒரு நாள் வந்து நின்றார். கிராமத்துப் பெண்களுக்கு டிராக்டர் பழக்க ஆள் வேண்டும் என்றார். "பொம்பளையாளுக்கு டிராக்டரா? நம்மால ஆகாது தாயி, ஆளை விடுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ஆகாதுன்னா சரிங்கண்ணே, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு வாரம் பழக்கிப் பாத்துட்டு வந்து அதைச் சொல்லுங்க" என்றார். இந்தம்மாவின் வாயை அடைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அந்த வாரம் முடிந்தது, அடுத்ததும் முடிந்தது. ஆகாது என்று போய்ச் சொல்ல எனக்கு இன்றுவரை வாய்ப்பே கிடைக்கவில்லை.

காலை பத்து மணிக்கு வகுப்பு வைக்க வேண்டும் என்பது மேலே இருந்தவர்கள் போட்ட உத்தரவு. பத்து மணிக்கு வயலில் களை பறிக்கும் பெண் எப்படி வருவாள்? செல்வநாயகி அம்மா சிவகங்கை ஆபீசுக்கு நடையாய் நடந்து, வகுப்பை மத்தியானத்துக்கு மேல் மாற்றிக்கொண்டு வந்தார். வந்ததும் முதலில் சாப்பாடு, பிறகுதான் பாடம். இது என்ன வகுப்பா, பந்தியா என்று நான் முணுமுணுத்தேன். "பசியோட உக்காந்திருக்கவுகளுக்கு கியர் மண்டையில ஏறாதுண்ணே. நீங்களும் இலையில உக்காருங்க, கோவம் கொறையும்" என்றார். உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவரும் ஒரு முறை பெரிதாகத் தவறினார். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

இளையாத்தங்குடி போகும் வழியில் பஞ்சவர்ணத்தின் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்கள் எல்லாம் இன்றைக்கு எங்களுக்கு வேண்டியவர்கள். பங்குனிக் கடைசியில் நல்ல கோடைமழை பெய்திருந்தது. பழகிய பெண்களுக்கு நிஜ நிலத்தில் உழவுப் பரீட்சை வைக்க வேண்டும். ஒரு நிலத்துக்காரரைப் பிடித்தோம். அவர் சென்னையில் மகன் வீட்டில் இருந்தார். "சும்மா கெடக்கிற நெலந்தானே, ஓட்டிப் பழகட்டும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். முதலில் பஞ்சவர்ணத்தை ஏறச் சொன்னார் செல்வநாயகி அம்மா. அவள் ஏறாமல் நின்றாள். ஊர்ப் பக்கம் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "ஈரம் காயிறதுக்குள்ள ஓட்டணும். பயப்படாத, ஏறு" என்றார் அம்மா. ஏறினாள். கலப்பையை இறக்கி, சால் கோணாமல் உழுதாள். நான் கைதட்டினேன்.

சாயங்காலம் ஊர் கூடிவிட்டது. அந்த ஊரில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவார்கள். சாமி கும்பிட்டு, ஊர் ஏரெல்லாம் பொதுநிலத்தில் வரிசையாக இறங்கும். இப்போதெல்லாம் மாடு குறைவு, டிராக்டர்தான் அதிகம். பொன்னேருக்கு முன் யாரும் மண்ணைக் கீறக் கூடாது. சென்னைக்காரர் அதை மறந்திருந்தார். நான் பட்டறைக்காரன், செல்வநாயகி அம்மா சிவகங்கை டவுனில் வளர்ந்தவர், எங்கள் இருவருக்கும் தெரியாது. பஞ்சவர்ணத்துக்குத் தெரியும். அத்தனை தூரம் வந்தவர்களிடம் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அந்த வருஷம் பஞ்சவர்ணம் ஓட்டும் வண்டி ஊரில் யார் நிலத்திலும் இறங்கக் கூடாது என்று முடிவானது. புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகள். வாடகை டிராக்டர் ஒன்றை ஓட்ட அவளை எடுத்துக்கொள்ளும்படி அதன் சொந்தக்காரரிடம் பேசி வைத்திருந்தோம். சொந்த ஊரே கூப்பிடாத டிரைவரை வேறு எந்த ஊர் கூப்பிடும்? பழையபடி களை பறிக்கத்தான் போக வேண்டும், அதற்கும் இந்த ஊரில் கூப்பிடுவார்களோ என்னவோ.

எனக்கு ரத்தம் கொதித்தது. நிலத்துக்காரரே சம்மதித்த பிறகு இவர்கள் யார் கேட்பதற்கு, போலீசுக்குப் போவோம் என்று குதித்தேன். "போலீசு வந்து வேலைக்குக் கூப்பிடுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு செல்வநாயகி அம்மா நேராக, ஊர் கூடியிருந்த கோயில் வாசலுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"தப்பு என்னோடதுங்கய்யா" என்றார். "பஞ்சவர்ணம் ஏறாம நின்னுச்சு. ஏன்னு நான் கேக்கல."

ஊர்ப் பெரியவர் அம்பலகாரர். அவர் விடவில்லை. "நீங்க வெளியூரு, தெரியாது. அவ இந்த ஊர்க்காரிதானே? தெரிஞ்சுதானே ஏறுனா?"

"தெரிஞ்சுதான் ஏறுனா. என் பேச்சுக்கு மரியாதை குடுத்து ஏறுனா. மரியாதை குடுத்ததுக்கா அவளுக்குத் தண்டனை குடுக்கிறீக? எனக்குக் குடுங்க."

அதோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் நகரவில்லை. "இன்னொண்ணு கேக்கணும். பொன்னேரன்னைக்கு அவளும் வண்டியோட வரட்டும். எல்லாருக்கும் கடைசியில வந்தாப் போதும்" என்றார்.

கூட்டம் சலசலத்தது. "நெலமில்லாத வீட்டுக்கு ஏதுங்க ஏரு?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். அதுதான் விஷயம். பஞ்சவர்ணத்தின் வீட்டிலிருந்து அந்த வரிசைக்கு இதுவரை ஒரு ஏரும் போனதில்லை. அவர்கள் காலங்காலமாக ஓரத்தில் நின்று பார்த்தவர்கள்.

"அந்த நெலத்துல எல்லாம் அவுக பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து வேலை செஞ்சவுகதானேங்கய்யா?" என்றார் செல்வநாயகி அம்மா. குரலை உயர்த்தவே இல்லை. அம்பலகாரர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "கடைசியிலதான் வரணும்" என்றார்.

சித்திரை முதல் நாள் டிராக்டர்களும், மாட்டு ஏர்களும், எல்லாருக்கும் பின்னால் பஞ்சவர்ணமும் இறங்கினார்கள். செல்வநாயகி அம்மா ஊருக்குள் வரவில்லை. தான் வந்து நின்றால் பேச்செல்லாம் தன்னைப் பற்றியாகிவிடும் என்று ரோட்டிலேயே ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். சுற்று முடிந்ததும், அன்றைக்கு எழுந்து கத்தினாரே, அந்த மனிதர் பஞ்சவர்ணத்தின் வண்டி அருகே வந்தார். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, "ஏத்தா, நாளைக்கு நம்ம மேட்டு நெலத்துக்கு வாரியா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் ஜீப்பில் சொன்னேன். "அப்ப இன்னைக்குத்தாண்ணே பயிற்சி முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். பழக வந்த பெண் யாராவது தயங்கினால் எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு, "என்னத்தா, சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். டீசல் வீணாகிறது, நேரம் போகிறது என்று கத்துவது என் வேலையாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து நேற்றுத்தான் மறுபடி வகுப்புத் தொடங்கினோம். முதல் ரவுண்டு காட்டுவதற்குப் பஞ்சவர்ணம் வண்டியில் ஏறினாள். ஸ்டார்ட் பண்ணிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். புதிய பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்நாளும் போல "ம், எடு எடு" என்று கத்த வாயைத் திறந்தேன். கத்தவில்லை. கை நீட்டி எஞ்சினை அணைத்தேன்.

"என்னத்தா, சொல்லு."

அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க ஆத்தா அப்பன்கூட அன்னைக்கு என்னைய ஊருக்கு முன்னால விட்டுக்குடுத்துட்டாகண்ணே. இந்தம்மா எனக்காக வந்து நின்னாக. அவுகளுக்காக நான் எங்கிட்டுப் போயி நிக்கிறது?"

புதிதாக வந்திருந்த பெண்களைக் காட்டி, "இவுகளுக்கு முன்னாடி நில்லுத்தா" என்றேன். சாவியைத் திருப்பினாள்.

செல்வநாயகி அம்மா எனக்கென்று விட்டுப்போனது 'என்னத்தா, சொல்லு' என்ற அந்தக் கேள்வி. இத்தனை வருஷம் டீசலைச் சாக்குச் சொல்லிக் கேட்காமல் இருந்துவிட்டேன். இனி நான் கேட்பேன் அம்மா, டீசல் போனால் போகட்டும்.