வரிப் படிவத்தில் பிரியாத குடும்பம்

இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்கு ஓரிரு வருஷம் முன்பு, அரியலூரில் எங்கள் கடலை மண்டிக்கு முதல்முறையாக வருமான வரி நோட்டீஸ் வந்தது. மண்டியை நடத்தியவர் என் அண்ணன். அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது, அவருக்கு இருபத்திரண்டு. என் படிப்பு, துணிமணி, காய்ச்சலுக்கு மருந்து எல்லாம் அவர் பொறுப்பாக இருந்தது. படிப்பை முடித்துக்கொண்டு நானும் மண்டியில் உட்கார்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

நோட்டீஸோடு வந்த படிவம் இங்கிலீஷில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். ஆனால் வாசித்ததில் பாதி புரியவில்லை. பெரம்பலூரில் ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் வியாபாரிகளுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அண்ணன் பேரேட்டை எடுத்துக்கொண்டு பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் போனார். குமாஸ்தா அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சாச்சா?"

"இல்லீங்க. ஒன்னாத்தான் இருக்கோம்."

அவர் விறுவிறுவென்று எழுதினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். படிவம் தபாலில் திருச்சி வரி ஆபீஸுக்குப் போனது, நகல் எங்கள் பெட்டிக்கு வந்தது.

இரண்டு வாரம் கழித்து வேறு ரசீது தேடும்போதுதான் அந்த நகலை நான் படித்தேன். 'பிரிக்கப்படாத இந்துக் குடும்பம்' என்று அதில் இருந்தது. நாங்கள் ஏலாக்குறிச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். முன்பு யாருக்கோ எழுதியதைப் பார்த்து, பேரையும் தொகையையும் மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார் போலும்.

அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கித் தன் கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போட்டேனா?"

"ஆமாண்ணே."

கேட்டுக்கொண்டிருந்த அண்ணி, "இதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பாவக் கணக்கில் வருமா, வரிக் கணக்கில் வருமா என்று தனக்குப் பிடிபடவில்லை, ஆபீஸில் போய்க் கேட்பதே நல்லது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த மாதம் வரி அதிகாரி பெரம்பலூர் பயணியர் பங்களாவில் முகாம் போட்டிருந்தார். இருவரும் போனோம். வராந்தாவில் குரும்பலூர், அரும்பாவூர் வியாபாரிகள் காத்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும், நகலை நீட்டி நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க இந்து இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க சார். வேதக்காரங்க."

"பாகம் பிரிஞ்சிருக்கீங்களா?"

"அதுவும் இல்லீங்க."

"சமையல்?"

"ஒன்னாத்தாங்க."

"அப்ப பிரியாத குடும்பம்தான். ஆனா சட்டப்படி உங்களுக்கு அப்படி ஒரு குடும்பம் கிடையாது."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இன்னும் வரி உத்தரவு போடவில்லை என்பதால் திருத்தின படிவம் கொடுக்கலாம், தண்டம் ஒன்றும் வராது என்று சொல்லிப் புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினார்.

"மண்டி யாரோடது?"

"எங்களோடதுங்க" என்றார் அண்ணன்.

"எங்களோடதுன்னா, ஆளுக்கு எவ்வளவு?"

அதுவரை யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை.

"வெளியில உட்கார்ந்து பேசி எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பங்களாவுக்கு வெளியே புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். பழைய நகலைப் பார்த்து மற்ற இடங்களையெல்லாம் நிரப்பிவிட்டுப் பங்கு என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"என்ன எழுதட்டும்ணே?"

"நீ படிச்சவன். நியாயமா எழுது."

பாதி என்று எழுதினால், பதினைந்து வருஷம் அவர் பட்ட பாட்டில் கை வைத்ததாகும் என்று தோன்றியது. எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால் அது பொய். யோசித்து முடிப்பதற்குள் உள்ளிருந்து பியூன் கூப்பிட்டார். அவசரத்தில் அண்ணனுக்கு முக்கால், எனக்குக் கால் என்று எழுதினேன். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும். பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் பஸ் ஏறக்குறைய பாதி தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"இத்தனை வருசமா உன்னைய கால் பங்குக்காரனாவா வச்சிருந்தேன்?"

"அப்படி இல்லண்ணே. உங்க பாட்டை நெனச்சுத்தான் எழுதினேன்."

"அதத்தான் கேக்கறேன். யாரு பாடுன்னு நீ எப்பலேருந்து பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்ச?"

நான் நல்லது செய்ததாக நினைத்திருந்தேன். அதில் எந்த இடத்தில் அவருக்கு வலித்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் அண்ணியிடம் சொன்னபோது, "கூட எழுதியிருக்கீங்களா, கொறச்சு எழுதியிருக்கீங்களா?" என்று குழம்பிப்போய்க் கேட்டார்.

மறுவாரமே அந்தத் திருத்தத்தைத் திருத்த முடியுமா என்று திருச்சிக்கு எழுதச் சொன்னார் அண்ணன். எழுதினேன். உத்தரவு போட்டாயிற்று, அடுத்த வருஷத்துப் படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. கூடவே வரித்தொகையும் வந்தது. பழைய படிவப்படி வந்திருக்க வேண்டியதைவிட அது கூடுதலா குறைவா என்று எங்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை. கட்டிவிட்டோம்.

அந்த ஒரு வருஷமும் அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், சந்தைக்கு அனுப்பினார், எப்போதும்போலத் திட்டினார். ஆனால் புது மூட்டை எதையும் என்னைக் கேட்காமல் வாங்கவில்லை. அது மரியாதையா, விலகலா என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவைத்தேன்.

அடுத்த வருஷத்துப் படிவம் வந்தது. இங்கிலீஷை நான் நிரப்பினேன். பங்கு என்ற இடம் வந்ததும் அண்ணன் பேனாவை வாங்கி, தமிழில் 'சரிபாதி' என்று தானே எழுதினார். இங்கிலீஷ் படிவத்தில் தமிழ் செல்லுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டு உறையில் வைத்து ஒட்டினேன்.