‘ஒரு நிமிஷம்’ அக்கா

ஊரில் பாதிப் பேர் சிரிப்பதற்கு அவள்தான் பல் செய்து கொடுத்தாள். பல்செட் செய்யும் லேபில், மெழுகில் பல் பதித்து, அச்சு வார்த்து, தேய்த்து மெருகேற்றுகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அவள் எதிரே இருந்தவை பேசத் தெரியாத பற்கள். வீட்டிலோ அதுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், மேசை போட்டுக் கார்டு ஆட்டம் ஆடவிடுகிற கடைக்குப் போவாள். தம்பி மகனுக்குத் துணையாக வந்தவள். அவனுக்கு ஒரே மாதத்தில் ஆட்டம் சலித்துவிட்டது, இவள் ஒட்டிக்கொண்டாள்.

இந்த ஆட்டத்தில் கார்டைப் போட்டதுமே அது பலித்துவிடாது. எதிராளி பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அவர் ‘சரி’ என்றால் பலிக்கும், சொன்னதை மாற்ற முடியாது. இல்லையென்றால் தடுக்க ஒரு கார்டு போடலாம். அந்தத் தடையைத் தடுக்க முதலில் போட்டவர் இன்னொன்று போடலாம். கடைசியில் விழுந்த கார்டுதான் முதலில் வேலை செய்யும். பதில் சொல்ல அவள் முறை வந்தால் போதும், “ஒரு நிமிஷம்” என்பாள். கையில் தடுக்கிற கார்டு இருந்தாலும் சொல்வாள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் சொல்வாள். எதிராளியைக் குழப்புகிற தந்திரம் என்று கடையில் நினைத்தார்கள். தந்திரமாவது மண்ணாவது! அந்த ஒரு நிமிஷம் ஒரு மனித முகம் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கும். வேறெங்கே அது கிடைக்கும் அவளுக்கு?

பொறுமை கெட்ட பையன்கள் ‘ஒரு நிமிஷம் அக்கா’ என்று பட்டம் கட்டிவிட்டு வேறு மேசைக்கு நழுவினார்கள். நழுவாதவர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான். மனைவியை இழந்தவர். கார்டைப் போட்டுவிட்டு, “ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்டுக் கையைக் கட்டிக்கொள்வார்.

ஒருமுறை அவரே யோசிக்காமல் ‘சரி’ என்றுவிட்டு, “ஐயையோ, என்கிட்ட கார்டு இருந்துச்சே!” என்று பதறினார்.

“அதான் சரின்னு சொல்லிட்டீங்களே சார்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் தோற்று, வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே அதுவே கேலிப் பேச்சானது.

அந்த ஞாயிறு கார்டுகளைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: “இதுதான் கடைசி ஆட்டம் மேடம். பொண்ணு அவ ஊருக்கே வந்துடச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. புதன்கிழமை கிளம்புறேன். இனிமே அங்கேயேதான்.”

 ‘போகாதீங்க’ என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வெளியே வந்ததோ வழக்கமான ‘ஒரு நிமிஷம்’தான். அன்றைக்கு ஒவ்வொரு கார்டுக்கும் சொன்னாள்.

அவர் சிரித்தார். “பாதி நேரம் உங்க கையில ஒண்ணும் இருக்காதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சேவா இத்தனை நாளும் காத்திருந்தீங்க?”

“சீக்கிரம் முடிச்சுட்டு வீட்டுக்குப் போய் யார்கிட்ட பேசப்போறேன்?”

அவளுக்குக் கண் கலங்கியது. குனிந்து கார்டுகளை அடுக்கினாள். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுகூட அவள் மனதில் தங்கவில்லை.

அவர் தன் கார்டுப் பெட்டியை மூடி எழுந்தார். “அப்ப நான் வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு உடனே திரும்பவில்லை. மேசையில் காத்திருப்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ ஞாயிறுகள் ஒன்றுமில்லாமல் நிமிஷம் கேட்டவளுக்கு, சொல்ல ஒன்று இருந்த அன்றைக்கு அது வாயில் வரவில்லை.

“சரி” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பாழாய்ப்போன வாய்! காலி நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பையைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினாள். பஸ் வந்து நின்றிருந்தது. அவர் படியில் கால் வைத்துவிட்டார்.

“சார், ஒரு நிமிஷம்!”

அவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பழைய கணக்கைத் தீர்க்கக் கடைசியில் ஒரு வாய்ப்புக் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

“அதான் சரின்னு சொல்லிட்டீங்களே மேடம்!”

பஸ் நகர்ந்தது. அவர் கையசைத்தார். விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும் என்று அவளும் சிரித்து, கையசைத்தாள்.