சாலையோரத்து நல்ல தண்ணீர்

கல்கத்தாவில் டிராம் வண்டிகள் குதிரையை விட்டு மின்சாரத்துக்கு மாறிய காலத்தில், என் கணவர் நகரத்தை விட்டுச் சேற்றுக்கு மாறினார். கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு ஏரியும் நாணல் காடும். அதன் நடுவே ஒரு மண்சாலை போட்டு, இருபுறமும் ஜனங்களைக் குடிவைக்க சர்க்காருக்கு ஆசை. அவர் அதற்கு ஓவர்சியர். பவானிப்பூர் வாடகை வீட்டைக் காலி செய்து, என்னையும் மூன்று வயதுப் பெண்ணையும் சாலை மேலேயே போட்ட ஓலைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஓவர்சியர் குடும்பத்தோடு இருந்தால்தான் மற்றவர்கள் நம்பி வருவார்களாம். கடை வாசலில் சாம்பிள் வைப்பதுபோல் எங்களை வைத்தார்.

அங்கே சாலை போடுவது என்றால், இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி அந்த மண்ணை நடுவில் கொட்டி மேடாக்குவது. பகலெல்லாம் கொட்டுவார்கள். காலையில் பார்த்தால் பாதி சேற்றுக்குள் இறங்கியிருக்கும். மறுபடி கொட்டுவார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அலுத்துப் போயிற்று.

முதல் மழையில் பள்ளங்கள் நிரம்பின. மழைத் தண்ணீர், குடிக்க நல்ல தண்ணீர். அதுவரை எங்களுக்குக் குடிதண்ணீர் கால்வாய் வழியாகப் படகில் பானை பானையாக வந்துகொண்டிருந்தது. பள்ளங்களிலிருந்து கால்வாய்க்கு அங்கங்கே மடை விட்டிருந்தார்கள். படகு சாலையோரம் வரை வருவதும் அந்த மடை வழியாகத்தான். மழைத் தண்ணீர் அதில் வடிந்து போகும். கடல் ஏற்றத்தில் கால்வாய் ஏறும்போது உப்பு நீர் உள்ளே வரும்.

இராமநாதபுரத்துக்காரரான இவருக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் ஊரே போய்ப் பார்த்துவிட்டு வரும்.

"நல்ல ஜலம் கண்ணெதிர ஓடிப் போறது. பாத்துண்டு நிக்கச் சொல்றியா?" என்றார். மூங்கில் அடித்து, களிமண் பூசி, எல்லா மடைகளையும் அடைக்கச் சொன்னார். சாலைக்குப் படம் போட்டுக் கொடுத்த வெள்ளைக்கார துரை குளிர்காலத்தில் மட்டும்தான் எட்டிப் பார்ப்பார்; தடுக்க ஆளில்லை.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரைக் கேள்விப்பட்டே சில குடும்பங்கள் வந்தன. பக்கத்துக் குடிசை வங்காளிப் பெண் என்னை அக்கா என்பதற்கு 'தீதி' என்று கூப்பிடுவாள். கூரையில் பூசணிக் கொடி ஏற்றினாள். என் பெண் அவளிடம் பேசக் கற்று, என்னிடமே "ஜொல் தாவ்" என்று வங்காளத்தில் தண்ணீர் கேட்பாள். சாயங்காலம் இவர் வெற்றிலையை மென்றுகொண்டு பள்ளத்தங்கரையில் நிற்பார். கண்மாய்க்கே சொந்தக்காரர் என்று நினைப்பு.

அடுத்த மழை வந்தது. பழைய தண்ணீரே வடியாமல் நின்றது. அதன் மேல் புதுத் தண்ணீர். கொசு அப்பிக்கொண்டது. குடிசைக்குக் குடிசை காய்ச்சல். வந்தவர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் பூசணியைக் கொடியோடு விட்டுவிட்டுப் போனாள்.

"ஏன்னா, நாமும் பவானிப்பூருக்கே போயிடலாமே" என்றேன்.

"நானும் போயிட்டா இது சாலையே இல்லடி. வெறும் மண்ணு."

அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் கண் திறக்கவில்லை. அப்போதுதான் வண்டி கட்டினார். கொஞ்ச தூரம் போனதும் மாடுகள் நின்றுவிட்டன. முன்னால் சாலையைக் காணோம். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஊறி ஊறி நடுவில் ஒன்றாகிவிட்டிருந்தது. கால்வாயில் படகுகள் போவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் உள்ளே வர வழியில்லை. வழியை இவர்தான் அடைத்திருந்தார்.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையாலேயே மடையைப் பறித்தார். நகம் பெயர்ந்தது. என் மடியில் குழந்தை, "ஜொல் தாவ்" என்றாள். அள்ளிக் கொடுத்தேன். உள்ளே இறங்கவில்லை. மடை உடைந்து படகு வந்து சேர்ந்தபோது எங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

எங்களில் சின்னக் குழந்தைகளை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். புதைக்க மேட்டு நிலம் வேண்டும். சுற்றிலும் தண்ணீர். மேடாக இருந்தது சாலை ஒன்றுதான். மண்வெட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் அதிலேயே அவரே குழி வெட்டினார். அன்று அவரை நான் வெறுத்தேன். பாவமாகவும் இருந்தது.

பவானிப்பூருக்குத் திரும்பினோம். சர்க்காரும் அந்தச் சாலையைக் கைவிட்டது. அடுத்த வருஷ மழை முடிந்து ஒரு நாள், சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "சாலை சேத்துல இறங்கிடுத்தாம். ஆபீஸ்ல சொன்னா" என்றார்.

"எதுவரைக்கும்?" என்று கேட்டேன்.

"முழுக்க."

சாதத்தைப் பரிமாறினேன்.