தோளில் இருந்த கை

தங்கமணிக்கு ஓர் அக்கா இருந்தாள். அவளுடைய புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் கிடையாது. தங்கமணி இதைப் பெரிய குறையாகச் சொன்னதில்லை. டப்பாவில் உப்பு இல்லை என்பதுபோலச் சொல்வாள்.

அறுபத்து நான்கில் ரங்கூனிலிருந்து இந்தியக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறின. தங்கமணியின் அப்பா நகராட்சியில் குழாய் வேலை பார்த்தவர். வயதுக்கு வந்த மூத்தவளைத் தன் தம்பி குடும்பத்தோடு முதலில் அனுப்பினார். மற்றவர்கள் அடுத்த கப்பலில் போவதாக ஏற்பாடு. அதற்குள் காய்ச்சல் வந்து அவர் இறந்துபோனார். அம்மாவுக்குக் கிளம்பும் தெம்பு இல்லை. சென்னையிலிருந்து கொஞ்ச காலம் செய்தி வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ரங்கூனின் தாகேதா பகுதியில் மிஞ்சிய தங்கமணி தையலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தாள். கணவர் இறந்த பிறகு லைங் தாயா புறநகரில் ஆடை ஆலைக்குப் போனாள். ஆலை பஸ்ஸில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். ஆலையில் அவளுக்கு டோ கின் ஏ என்ற பர்மியப் பெயர். கோயிலில் தங்கமணி. மகள் ராதா இரண்டு பெயரையும் கேட்டு வளர்ந்தாள். ராதா கணினி படித்து வேலைக்குப் போனதும் இருவரும் ரங்கூனிலேயே தின்கன்ஜூனில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள்.

ராதாவின் வேலை விசித்திரமானது. பல நாட்டு அருங்காட்சியகங்கள் தங்களிடமுள்ள ஓவியங்களின் விவரத்தை யாரும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருந்தன. ஒவ்வோர் ஓவியத்துக்கும், ஓவியருக்கும், ஊருக்கும் நிலையான ஒரு முகவரி. ஒரு பதிவு இன்னொன்றின் முகவரியைச் சுட்டினால், கடல் கடந்த இரண்டு கட்டடங்கள் ஒரே கட்டடத்தின் இரண்டு அறைகளைப்போல ஆகிவிடும். எதை எதோடு சேர்க்கலாம் என்று இயந்திரம் யோசனை சொல்லும். பர்மா தொடர்பான யோசனைகளைச் சரிபார்ப்பது ராதா.

தங்கமணிக்கு இருதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒருநாள் மகளை அருகில் அழைத்தாள்.

"உன் பொட்டிக்குள்ள உலகத்துப் படமெல்லாம் இருக்குங்கிற. எங்க படம் இருக்கான்னு பாரு ராதா. நான் போறதுக்குள்ள அக்கா மூஞ்சிய ஒரு தடவ பாத்துக்கணும்."

அப்போதுதான் ராதாவுக்கு அந்தப் படத்தைப் பற்றித் தெரிந்தது. கப்பலுக்கு முந்தைய வாரம் பக்கத்து வீட்டு ஓவியர் அக்காவையும் தங்கையையும் சேர்த்து உட்கார வைத்து வரைந்திருக்கிறார். பின்னால் யாரோ வெளிநாட்டுக்காரருக்கு விற்றும்விட்டார்.

ராதா தேடினாள். இரண்டு சிறுமிகள். சகோதரிகள். ரங்கூன் இந்தியர். எதுவும் அகப்படவில்லை. மின்சாரம் முறை வைத்து வந்துபோகும் ஊரில், வந்த நேரமெல்லாம் முதலில் இதைத் தேடிவிட்டுத்தான் அலுவல் வேலையைத் திறந்தாள். கடைசியில் ஓவியரின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர் வரைந்ததாக எந்த நாட்டில் என்ன இருந்தாலும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கமணி அவள் கையைப் பிடித்தாள்.

"நில்லு. அது நான்."

கன்னத்தில் பர்மியர்களின் மரப்பட்டைச் சாந்தான தனாக்காவை வட்டமாகப் பூசிய ஒரு குழந்தை. தலைப்பு: பர்மியச் சிறுமி. அவள் தோளில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. மணிக்கட்டுக்கு மேல் படம் முடிந்து சட்டம் வந்துவிட்டது.

தங்கமணி சந்தோஷப்படவில்லை. "கைய மட்டும் விட்டு வச்சிருக்காரு" என்றாள்.

ஓவியர் படம் வரைந்த துணியை வெட்டி இரண்டாக விற்றிருக்கிறார் என்பது ராதாவுக்குப் புரிந்தது. இரண்டு பெண்களை ஒரே படத்தில் தேடியதுதான் பிழை. அதே ஓவியர், அதே உயரம், சட்டத்துக்கு வெளியே நீளும் ஒரு கை. வேறொரு கண்டத்தின் அருங்காட்சியகத்தில் மறுபாதி உடனே கிடைத்தது. தலைப்பு: இந்தியப் பெண். நெற்றியில் பொட்டு, கன்னத்தில் ஒன்றுமில்லை. ஒன்றைப் பர்மாவிலும் மற்றதை இந்தியாவிலும் வகைப்படுத்தியிருந்ததால் இயந்திரம் இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

தங்கமணி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மின்சாரம் போனது. மடிக்கணினியின் திரை மட்டும் எரிந்தது. பிறகு சிரித்தாள்.

"அவ இந்தியாக்காரி, நான் பர்மாக்காரியாமா? அரைச்ச தனாக்காவ எனக்குப் பூசிவிட்டா. அவளுக்குப் பத்தல. அதுக்கு இவனுங்க நாடு பிரிச்சிட்டானுங்க."

தலைப்பு எழுதியவர்களுக்கு இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருத்தி இந்தியாவுக்கும் ஒருத்தி பர்மாவுக்குமாக, அவர்கள் எழுதியபடிதான் நடந்திருந்தது. ராதா இதைச் சொல்லவில்லை.

திரையில் இரண்டு படங்களையும் ஒட்டி வைத்துக் காட்டினாள். கை தோளில் போய்ச் சேர்ந்தது. தங்கமணி நடுவிலிருந்த கோட்டை விரலால் தடவினாள். இங்கே ஒட்டினால் போதாது, அங்கேயும் ஒட்ட வேண்டும் என்றாள். அங்கே பதிவுகளை இணைப்பதற்கு இரண்டு அருங்காட்சியகங்களும் சம்மதிக்க வேண்டும். ராதா அன்றே எழுதினாள். அதன் பிறகு தங்கமணி மாத்திரை கேட்டதைவிட, "ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டதுதான் அதிகம்.

அருங்காட்சியகத்தார் துணியின் ஓரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது; நாள் பிடித்தது. மழைக்காலத்தில் தங்கமணி இறந்தாள். தகனத்துக்கு ஆலைத் தோழிகள் சிலர் வந்தார்கள். டோ கின் ஏ என்று சொல்லி அழுதார்கள்.

பதில் அதற்குப் பிறகு வந்தது. ஓரங்கள் பொருந்துகின்றன. இரண்டு பதிவுகளும் இணைக்கப்படும். ஓவியரின் பெயர் எங்களிடம் உள்ளது. சிறுமிகளின் பெயர்களை நீங்கள் தர முடியுமா?

ராதா முதல் பதிவைத் திறந்தாள். தங்கமணி. டோ கின் ஏ. பிறந்த ஆண்டு. இறந்த ஆண்டு. தடையில்லாமல் எழுதிவிட்டாள்.

இரண்டாவது பதிவைத் திறந்தாள். பெயர் என்ற இடத்தில் விரல் நின்றது.

அம்மா எப்போதும் அக்கா என்றுதான் சொல்வாள். மூத்தவளைப் பெயர் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. ராதாவுக்கு அவள் பெரியம்மா. பாட்டி இருந்திருந்தால் மூத்தவள் என்றிருப்பாள்.

"அம்மா, பெரியம்மா பேரு…" என்று வாய்விட்டே கேட்டுவிட்டுத் திரும்பினாள். அம்மாவின் கட்டில் மடித்துச் சுவரில் சாய்க்கப்பட்டிருந்தது.

மறுநாள் தாகேதாவுக்குப் போனாள். பழைய தெருவில் அம்மாவின் வயதுக்காரி ஜைனப் ஒருத்திதான் மிச்சம். அவளுக்கு அந்தப் பெண்ணை நன்றாக நினைவிருந்தது. நடை, பின்னல், கப்பலுக்குப் போன அன்று பிடித்த அடம். பெயரைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்தாள்.

"பாப்பா, பாப்பான்னுதான் கூப்பிடுவோம். நெசப் பேரா? அது உங்கம்மாவுக்குத்தானே தெரியும்."

வீட்டுக்கு வந்து ராதா பதிவைத் திறந்தாள். பெயர் இல்லாமல் பதிவு ஏறவில்லை. பெயர் தெரியவில்லை என்று போட்டதும் ஏற்றுக்கொண்டது. அடுத்து உறவு. அங்கே தங்கமணியின் அக்கா என்று எழுதி, அம்மாவின் பதிவின் முகவரியைச் சுட்டிவிட்டு, சேமித்தாள்.